மனை போடக் கேட்கிறார்களா? முன்பணம் வாங்கும் முன் வரியைப் பாருங்கள்!

திண்டுக்கல்லில் இருந்து பழநி ரோடு, நத்தம் ரோடு, வத்தலக்குண்டு ரோடு, திருச்சி ரோடு என எந்தப் பக்கம் போனாலும் ஒரு காட்சி மாறாமல் இருக்கிறது. நேற்று வரை மக்காச்சோளமோ வெங்காயமோ நின்ற காட்டில் இன்று செம்மண் ரோடு, வெள்ளைக் கல், கலர் கொடி. பக்கத்துத் தோட்டக்காரர் விற்றுவிட்டார். அடுத்து உங்களிடம் வருகிறார்கள். "அண்ணே, ஏக்கருக்கு இவ்வளவு. விவசாய நிலத்துக்கு வரியே கிடையாது. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார் தரகர்.

விவசாய நிலத்துக்கு வரி கிடையாது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் கையெழுத்துப் போட்டால், இரண்டு மூன்று ஆண்டு கழித்து வருமான வரித் துறையின் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதற்குள் பணம் மகள் கல்யாணத்துக்கும் கடனுக்கும் போயிருக்கும். விற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. விற்பதானால் எந்தச் சலுகை உங்களுக்கு உண்டு, எதைச் செய்தால் அது கைநழுவும் என்பதைத் தெரிந்துகொண்டு விற்கலாம்.

முதலில் ஒரு குறிப்பு. 2026 ஏப்ரல் 1 முதல், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு சட்டம் வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர்களும் மக்களும் பேசிப் பழகியது பழைய எண்களைத்தான் என்பதால், இங்கே அவற்றையே கொடுத்திருக்கிறோம்.

6 கிலோமீட்டர் கணக்கு

சட்டப்படி கிராமப்புற விவசாய நிலம் 'மூலதனச் சொத்து' ஆகாது. மூலதனச் சொத்து இல்லை என்றால், அதை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை. எவ்வளவு தொகைக்கு விற்றாலும் இதுதான் நிலை. விவசாயிக்கு உள்ள மிகப் பெரிய வரிச் சலுகை இது.

ஆனால் எது கிராமப்புற நிலம் என்பதை ஊராட்சியின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. நகரின் மக்கள் தொகையும், நகர எல்லையில் இருந்து உள்ள தூரமும்தான் அளவுகோல்.

10,000 பேருக்குக் குறையாத மக்கள் தொகை கொண்ட நகராட்சி, மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கும் நிலம், பயிர் நின்றாலும் நகர்ப்புற நிலம்தான். எல்லைக்கு வெளியே என்றால் தூரக் கணக்கு வருகிறது. மக்கள் தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள நகரம் என்றால் எல்லையில் இருந்து 2 கிலோமீட்டர். 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். 10 லட்சத்தைத் தாண்டினால் 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் இருந்தால் நகர்ப்புற நிலம். தாண்டி இருந்தால் கிராமப்புற நிலம்.

திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள் தொகை 2 லட்சத்துக்குச் சற்று மேல். எனவே திண்டுக்கல்லுக்கு 6 கிலோமீட்டர் கணக்கு. பழநி, ஒட்டன்சத்திரம், கொடைக்கானல் நகரங்கள் 1 லட்சத்துக்குள் இருப்பதால் அவற்றுக்கு 2 கிலோமீட்டர்.

இதில் விவசாயிகள் தவறுவது மூன்று இடங்களில்.

ஒன்று, தூரத்தை பஸ் ஸ்டாண்டில் இருந்தோ, மணிக்கூண்டில் இருந்தோ அளக்கக் கூடாது. மாநகராட்சி எல்லை முடியும் இடத்தில் இருந்துதான் அளக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இருந்து 9 கிலோமீட்டர் என்று நிம்மதியாக இருப்பவரின் காடு, எல்லையில் இருந்து 5 கிலோமீட்டரில் இருக்கலாம்.

இரண்டு, ரோட்டு வழியாக அளக்கக் கூடாது. 2013-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நேர்கோட்டில், அதாவது காக்கை பறக்கும் தூரமாகத்தான் அளக்க வேண்டும். வளைந்து போகும் ரோட்டில் 7 கிலோமீட்டர் வருவது நேர்கோட்டில் 5 ஆகக் குறையலாம்.

மூன்று, திண்டுக்கல்லை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் காடு திண்டுக்கல்லில் இருந்து தூரமாக இருந்தாலும், பக்கத்தில் 10,000 பேருக்கு மேல் உள்ள பேரூராட்சி இருந்தால், அதையும் நகரமாக எடுத்துக்கொண்டு 2 கிலோமீட்டர் கணக்கை வரித் துறை கேட்கலாம். சின்னாளபட்டி போன்ற பெரிய பேரூராட்சிகளைச் சுற்றி நிலம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விற்கும் நாளில் உள்ள எல்லைதான் கணக்கு. மாநகராட்சியுடன் பக்கத்து ஊராட்சிகள் சேர்க்கப்பட்டால், 6 கிலோமீட்டர் கோடும் வெளியே நகரும். கோட்டை ஒட்டி நிலம் உள்ளவர்கள் செய்தித்தாளில் எல்லை விரிவாக்கச் செய்தி வந்தால் கவனமாகப் படியுங்கள். அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் எண்ணிக்கை வெளியாகும்போது, சில ஊர்கள் புதிதாக 10,000-ஐத் தாண்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

தூரத்துக்குச் சான்று வாங்கி வையுங்கள். செல்போன் மேப்பில் பார்ப்பது உங்கள் தெளிவுக்கு. பின்னால் கேள்வி வந்தால் காட்ட, தாசில்தார் அலுவலகம் அல்லது நில அளவைப் பிரிவிடம் எழுதி வாங்கிய சான்று வேண்டும்.

பயிர் நின்றதற்குச் சாட்சி அடங்கல்

தூரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது உண்மையில் விவசாய நிலமாக இருக்க வேண்டும். தண்ணீர் இல்லை என்று நான்கைந்து ஆண்டு தரிசாகப் போட்ட காட்டை விற்றால், 'இதில் விவசாயம் நடந்ததற்கு என்ன ஆதாரம்?' என்ற கேள்வி வரும். திண்டுக்கல் சமவெளியில் கிணறு வற்றிப் போனதால் தரிசாகக் கிடக்கும் மானாவாரி நிலம் நிறைய. ஒரு போகம் சோளமோ, பயறோ விதைத்தாலும் அதை வி.ஏ.ஓ.விடம் சொல்லி அடங்கலில் ஏற்றிவிடுங்கள்.

அடங்கல் நகல், கிஸ்தி ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் தாள், பயிர்க் காப்பீட்டு ரசீது, மார்க்கெட் கமிஷன் மண்டியில் கொடுத்த பில் என எல்லாமே சாட்சிதான். உரக்கடை பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் பட்டா, சிட்டாவோடு சேர்த்து வைத்தால் போதும்.

கோட்டுக்குள் இருந்தால் எவ்வளவு வரி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லையில் இருந்து 5 கிலோமீட்டரில் ஒன்றரை ஏக்கர். அப்பா காலத்துச் சொத்து. 2025–26-இல் 45 லட்சம் ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம்.

2001 ஏப்ரல் 1-க்கு முன் குடும்பத்துக்கு வந்த நிலம் என்றால், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பு 5 லட்சம் என்று கொள்வோம்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய அல்லது குடும்பத்துக்கு வந்த நிலத்துக்கு இரண்டு வழிகளில் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். முதல் வழியில் 45-இல் 5 போக 40 லட்சம் லாபம். அதற்கு 12.5 சதவீதம் என்றால் 5 லட்சம் ரூபாய். இரண்டாவது வழியில் விலைவாசிக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும். 2001–02-இல் 100 ஆக இருந்த குறியீடு, 2025–26-இல் 376. எனவே 5 லட்சம் 18.80 லட்சமாக உயரும். லாபம் 26.20 லட்சம். அதற்கு 20 சதவீதம் என்றால் 5.24 லட்சம். இந்தக் கணக்கில் முதல் வழி மலிவு. 4 சதவீத செஸ் சேர்த்தால் 5.20 லட்சம். அடிப்படை வரி விலக்கு வரம்பைக் கணக்கில் எடுத்தால் கொஞ்சம் குறையும்.

இதே ஒன்றரை ஏக்கர் 7 கிலோமீட்டரில் இருந்து, இதே விலைக்கு விற்றிருந்தால் வரி பூஜ்யம். 2 கிலோமீட்டர் வித்தியாசத்தில் 5 லட்சம் ரூபாய். தரகர் சொல்லும் விலையை ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பாருங்கள்.

சொத்து அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் பொதுவில் இருந்தால், அவரவர் பங்குக்கு அவரவர் பெயரில்தான் கணக்கு. பணத்தையும் அவரவர் வங்கிக் கணக்கில் பங்கு பிரித்து வாங்குங்கள். மொத்தமும் ஒருவர் கணக்கில் வந்தால், வரிக் கேள்வியும் அவரிடம்தான் வரும்.

வேறு காடு வாங்கினால் வரி இல்லை

கோட்டுக்குள் நிலம் உள்ளவர்களும் மனம் தளர வேண்டாம். 54-பி என்ற பிரிவு விவசாயிகளுக்காகவே உள்ளது. விற்ற நிலத்தில், விற்பதற்கு முந்தைய 2 ஆண்டுகள் நீங்களோ உங்கள் பெற்றோரோ விவசாயம் செய்திருக்க வேண்டும். விற்ற நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால், புதிய நிலத்துக்குச் செலவழித்த அளவுக்கு லாபத்தில் கழிவு கிடைக்கும்.

விற்ற பணம் முழுவதையும் போட வேண்டியதில்லை. லாபத்தின் அளவுக்குப் போட்டால் போதும். மேலே சொன்ன கணக்கில் 40 லட்சத்துக்குப் புதிய நிலம் வாங்கினால் வரியே இல்லை. 30 லட்சத்துக்கு வாங்கினால் மீதி 10 லட்சத்துக்கு மட்டும் வரி. நகரை ஒட்டிய காட்டை விற்று, வேடசந்தூர், குஜிலியம்பாறை, நத்தம் பக்கம் தண்ணீர் வசதியுள்ள நிலம் வாங்குவோருக்கு இது பெரிய உதவி. நிலத்தை விற்றாலும் விவசாயியாகவே இருக்க வழி செய்யும் சலுகை இது.

நான்கு நிபந்தனைகளைக் கவனியுங்கள். புதிய நிலத்தை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். மகன் பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்கினால் வழக்குக்கு இடம் உண்டு. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் நிலம் அமையவில்லை என்றால், அந்தப் பணத்தை வங்கியில் 'மூலதன ஆதாயக் கணக்குத் திட்டம்' என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். சாதாரண டெபாசிட்டில் போட்டால் செல்லாது. வாங்கிய நிலத்தை 3 ஆண்டுக்குள் விற்கக் கூடாது. வரி இல்லை என்றாலும் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

காடு வாங்க விருப்பம் இல்லாதவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. விற்ற 6 மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்களின் குறிப்பிட்ட பத்திரங்களில் 50 லட்சம் ரூபாய் வரை போடலாம். 5 ஆண்டு எடுக்க முடியாது. இது 54-ஈசி. வீடு வாங்கவோ கட்டவோ செய்தால் 54-எஃப் பிரிவில் கழிவு கிடைக்கும். ஆனால் இதில் முழு விலக்குப் பெற லாபம் மட்டுமின்றி விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு மேல் ஏற்கெனவே இருந்தால் கிடைக்காது.

'பவர்' பத்திரம்: இங்கேதான் சறுக்கல்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மனை போடுபவர்கள் பலர் உங்களிடம் இருந்து நேரடியாகக் கிரயம் வாங்குவதில்லை. கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் செலவு. மனையாக விற்கும்போது வாங்குபவர் மறுபடி கட்ட வேண்டும். முதல் செலவை மிச்சப்படுத்த, முன்பணம் கொடுத்து உங்களிடம் பொது அதிகாரப் பத்திரம், அதாவது 'பவர்' எழுதி வாங்குகிறார்கள். அதை வைத்து உங்கள் பெயரிலேயே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கி, ரோடு போட்டு, ஒவ்வொரு மனையாக விற்கிறார்கள்.

இதில் உங்களுக்கு என்ன நடக்கிறது? பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போட்டாலும், ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் விற்பவர் நீங்கள்தான். ஒன்றரை ஏக்கரில் 30 மனை, ஒரு மனைக்குப் பத்திர மதிப்பு 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு நீங்கள் சொத்து விற்றதாகப் பதிவாகிறது. உங்கள் கைக்கு வந்ததோ 45 லட்சம்.

அதைவிடப் பெரிய அடி, அங்கே விற்கப்பட்டது விவசாய நிலமே இல்லை, வீட்டுமனை. நிலப் பயன்பாடு மாற்றப்பட்டு, மனையாகப் பிரிக்கப்பட்டு, எண் போட்டு விற்றது. உங்கள் காடு 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும், விற்ற அன்று அது விவசாய நிலமாக இல்லை. எனவே பெரிய சலுகை கைநழுவிவிடும். ரோடு போட்டு மனையாக்கி விற்றது வியாபாரம் என்று வரித் துறை கொண்டால், வியாபார வருமானமாகவே வரி விதிக்கலாம். நிலத்தைக் காடாக, ஏக்கர் கணக்கில், ஒரே கிரயமாக விற்றவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கியவர் அதற்குப் பிறகு மனை போடுவது அவர் பாடு.

எனவே மனை போடக் கேட்பவர்களிடம், "நேராகக் கிரயம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். பவர்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், வரி யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே பேசி, பதிவு செய்த ஒப்பந்தத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுதினாலும் வரித் துறையின் முன் பொறுப்பு உங்களுடையதுதான். ஒப்பந்தம், அவரிடம் இருந்து பணத்தைக் கேட்டு வாங்க மட்டுமே உதவும்.

"நிலம் உங்களுடையது, செலவு எங்களுடையது. மனையில் பங்கு தருகிறோம்" என்று கூட்டாகச் செய்யக் கேட்பவர்களும் உண்டு. பதிவு செய்த கூட்டு ஒப்பந்தம் என்றால், தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் 45(5ஏ) பிரிவில் ஒரு சலுகை உண்டு. ஒப்பந்தம் போட்ட ஆண்டிலேயே வரி கட்ட வேண்டியதில்லை. திட்டம் முடிந்ததற்கான சான்று கிடைக்கும் ஆண்டில் கட்டலாம். ஆனால் அதற்கு முன்பே உங்கள் பங்கை விற்றால் அந்த ஆண்டே வரி வந்துவிடும். ஒப்பந்தம் பதிவாகாமல் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. பங்கைப் பேசும்போது, மனைப்பிரிவில் ரோட்டுக்கும், பொது இடத்துக்கான 10 சதவீதத்துக்கும் நிலம் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

"எங்கள் கம்பெனிக்கு வரிவிலக்கு இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதில் மயங்க வேண்டாம். குறைந்த விலை வீடுகள் கட்டுவோருக்கு 80-ஐபிஏ பிரிவில் முழு வரிக் கழிவு இருந்தது. அது 2022 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற வீட்டுத் திட்டங்களுக்கு மட்டும்தான். வெறும் மனை பிரித்து விற்பதற்கு அது இல்லை. கட்டுபவருக்கு உள்ள சலுகை, நிலம் கொடுப்பவருக்கு வராது.

குறைத்து எழுதினால் யாருக்கு லாபம்?

"பத்திரத்தில் 15 லட்சம் எழுதுவோம். மீதி 30 லட்சம் கையில்" என்பது பழைய பழக்கம். வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை மிச்சம். உங்களுக்கு?

உங்கள் நிலம் 6 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால், 45 லட்சத்தையும் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் உங்களுக்கு வரி இல்லை. 15 லட்சம் மட்டும் எழுதிவிட்டு, 30 லட்சம் ரொக்கத்தை வங்கியில் போட்டால், இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் காகிதம் இல்லை. கணக்கில் வராத பணம் என்று கனமான வரி விழும். வரியே இல்லாத பணத்தை நாமே வரிக்குள் தள்ளுவது இது.

கோட்டுக்குள் உள்ள நிலம் என்றால், குறைத்து எழுதியும் பயன் இல்லை. பத்திர மதிப்பைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பைத்தான் விற்பனை விலையாகக் கொண்டு வரி போடுவார்கள். இது 50-சி பிரிவு.

ரொக்கமாக முன்பணம் வாங்குவதிலும் கவனம் தேவை. நிலம் விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. அபராதம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய உங்களுக்கு. எனவே முன்பணம் முதல் கடைசி ரூபாய் வரை காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள்.

50 லட்சம் ரூபாய், அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார். கிராமப்புற விவசாய நிலத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை. தூரச் சான்றைக் காட்டிச் சொல்லுங்கள். பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

அரசு எடுத்தால்?

ரோட்டுக்கும் ரயிலுக்கும் அரசு கட்டாயமாக நிலம் எடுப்பது வேறு கணக்கு. நகர எல்லைக்கு உட்பட்ட விவசாய நிலமாக இருந்தாலும், முந்தைய 2 ஆண்டுகள் நீங்களோ பெற்றோரோ விவசாயம் செய்திருந்தால், 10(37) பிரிவின்படி இழப்பீட்டுக்கு மூலதன ஆதாய வரி இல்லை. இங்கேயும் சாட்சி அடங்கல்தான். நில எடுப்பு அறிவிப்பு வந்த பிறகு அடங்கலைத் தேடுவதைவிட, ஆண்டுதோறும் பதிவு செய்துவிடுவது நல்லது.

சார்பதிவாளர் அலுவலகம் போகும் முன்

தரகர் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, விலை பேசும் முன் இவற்றைக் கையில் வைத்திருங்கள்: நகர எல்லையில் இருந்து நேர்கோட்டுத் தூரத்துக்கான சான்று, கடைசி 3 ஆண்டு அடங்கல், கிஸ்தி ரசீது, 2001 ஏப்ரல் 1-இல் உங்கள் சர்வே எண்ணுக்கு இருந்த வழிகாட்டி மதிப்பு. கடைசியில் சொன்னதைப் பதிவுத் துறையிடம் கேட்டு வாங்கலாம்.

ஒரு ஆடிட்டரிடம் அரை நாள் உட்காருங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், அரை சென்ட் நிலத்தின் விலைகூட வராது. கிரயம் முடிந்த பிறகும் இந்தக் காகிதங்களை எரித்துவிடாதீர்கள். நோட்டீஸ் பல ஆண்டு கழித்தும் வரலாம்.

வேளாண் அலுவலர்கள், உதவி வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நகரை ஒட்டிய கிராமங்களில் கூட்டம் போடும்போது, விதை, உரத்தோடு அடங்கல் பதிவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். தலைமுறை தலைமுறையாக உழுத காட்டை விற்கும் குடும்பம், அந்தப் பணத்தில் வேறு ஒரு காடாவது வாங்கி உழட்டும்.